பழைய கணிப்பொறிகளும் திறந்த மூல இயங்குதளங்களும்

ஓர் உழவு இயந்திரமோ, நீர் இறைக்கும் மோட்டாரோ பயனற்றுப் போகிறதென்றால், பெரும்பாலும் அதன் உறுப்புகள் தேய்ந்துவிட்டன என்பதே பொருள். கணிப்பொறியின் நிலை வேறு. அதன் மின்னணு உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கும்போதே, அதனை இயக்கும் மென்பொருளுக்கு உற்பத்தியாளர் அளித்துவந்த ஆதரவு நின்றுவிடுவதால், அது பழையதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் வேண்டுகிறது. இதன் விளைவாக, அன்றுவரை குறையின்றி இயங்கிவந்த எண்ணற்ற கணிப்பொறிகள், எந்த உறுப்பும் பழுதுபடாமலேயே, கழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இடம்பெற்றன.

இது சிறிய பிரச்சினை அன்று. உலக மின்னணுக் கழிவு குறித்து 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. எனவே, ஒரு கணிப்பொறியின் ஆயுளை முடிவு செய்ய வேண்டியவர் அதனை விற்றவரா, வாங்கியவரா என்னும் வினா இன்று முக்கியத்துவம் பெறுகிறது. திறந்த மூல இயங்குதளங்கள் அந்த உரிமையை வாங்கியவரிடம் ஒப்படைக்கின்றன. ஆனால் உரிமை கிடைத்ததனாலேயே எல்லாப் பழைய பொறிகளையும் வைத்துக்கொள்வது நன்மை தரும் என்று கொள்வதற்கில்லை. எதனை வைத்துக்கொள்வது, எதனை விட்டுவிடுவது என்பதை அறிய உதவும் அளவுகோல்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளத்தின் பணி

கணிப்பொறியின் செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, வலைப்பின்னல் ஆகியவற்றை ஒருங்கிணைத்து, பயன்பாட்டு நிரல்களுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளமாகும். ஒவ்வொரு சாதனத்துடனும் பேசுவதற்கு அதனுள் டிரைவர் எனப்படும் தனி நிரல் இருக்க வேண்டும். மேலும், நாள்தோறும் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டே இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று நின்றாலும் பொறி பயனற்றதாகவோ, ஆபத்தானதாகவோ மாறிவிடுகிறது.

மூடிய மூல மென்பொருளில் இவ்விரு பணிகளையும் செய்யக்கூடியவர் அதன் உரிமையாளர் ஒருவரே. அவர் நிறுத்திவிட்டால் வேறு எவரும் தொடர இயலாது. திறந்த மூல மென்பொருளிலோ மூல நிரல் அனைவருக்கும் கிடைக்கிறது. அதனைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் இடமளிக்கிறது. ஆதலின் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடரலாம்.

இம்முறைக்கு இரண்டு மரபுகள் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இணைந்து வளர்ந்தது ஒரு மரபு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யூனிக்ஸ் வகையிலிருந்து பிறந்தது மற்றொன்று. 1993இல் தோன்றிய நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி ஆகியனவும், 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்த ஓப்பன்பிஎஸ்டியும் இம்மரபைச் சார்ந்தவை.

ஒர்க் ஸ்டேஷன்களின் வரலாறு தரும் பாடம்

பொறியியல் வரைபடம், அறிவியல் கணிப்பு, அச்சுக்கோப்பு முதலிய பணிகளுக்கென 1980களிலும் 1990களிலும் ஒர்க் ஸ்டேஷன் எனப்படும் உயர்திறன் கணிப்பொறிகள் புழக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிச் செயலியையும், தனி யூனிக்ஸ் பதிப்பையும் வைத்திருந்தது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1986இல் பி.ஏ.-ரிஸ்க் செயலியையும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1987இல் ஸ்பார்க் செயலியையும், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1992இல் ஆல்ஃபா செயலியையும் கொணர்ந்தன. இந்நிறுவனங்களுள் சில பிற்காலத்தில் கைமாறின. டிஜிட்டல் நிறுவனத்தை 1998இல் காம்பேக் வாங்கியது. காம்பேக் 2002இல் ஹியூலெட் பேக்கார்டுடன் இணைந்தது. ஆல்ஃபா பொறிகளின் விற்பனை 2007இல் முடிவுற்றது. சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் வசமாயிற்று. பெரும் பொருட்செலவில் இப்பொறிகளை வாங்கியோர், தம் கருவிகளின் எதிர்காலம் வேறொருவரின் வணிக முடிவைச் சார்ந்திருப்பதை அப்போது உணர்ந்தனர்.

எனினும் அப்பொறிகள் அனைத்தும் கைவிடப்படவில்லை. 2024 மார்ச்சில் வெளியான நெட்பிஎஸ்டி 10.0 பதிப்பு, ஆல்ஃபா, ஸ்பார்க் ஆகியவற்றை மட்டுமன்றி, 1977இல் அறிமுகமான வாக்ஸ் வகைக் கணிப்பொறிகளையும் ஏற்கிறது. இது எவ்வாறு இயல்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இயங்குதளத்தின் நிரலில் பொறியைச் சார்ந்த பகுதியும், சாராத பகுதியும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு வலைப்பின்னல் அட்டைக்காக எழுதப்பட்ட டிரைவர், அவ்வட்டை எந்தச் செயலியுள்ள பொறியில் செருகப்பட்டாலும் வேலை செய்யுமாறு இடையில் ஒரு பொது அடுக்கு அமைக்கப்பட்டுள்ளது. மேலும், புதிய வேகமான கணிப்பொறி ஒன்றிலேயே பழைய பொறிக்கான இயங்குதளம் முழுவதையும் தொகுத்துவிட முடிகிறது. மெதுவான பழைய பொறி பல நாள்கள் உழைக்க வேண்டிய தேவை இல்லை.

ஓப்பன்பிஎஸ்டி வேறு வழியைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு வகைப் பொறிக்கும் உரிய பதிப்பு, அவ்வகைப் பொறியிலேயே தொகுக்கப்படுகிறது. இது கடினமான வழியெனினும், இயங்குதளம் தன் சுமையைத் தானே தாங்குகிறதா என்பதற்கு ஒரு சோதனையாகவும் அமைகிறது. 64-பிட் ஸ்பார்க் செயலி, எண்களின் பைட்டுகளை நினைவகத்தில் வைக்கும் வரிசையில் இன்டெல் செயலியிலிருந்து வேறுபட்டது. நினைவக முகவரிகளின் ஒழுங்கிலும் அது கண்டிப்பானது. ஆகையால், இன்டெல் பொறியில் வெளிப்படாத நிரற்பிழைகள் ஸ்பார்க்கில் வெளிப்பட்டுவிடுகின்றன. பழைய பொறியைப் பேணுவதால் புதிய பொறியின் மென்பொருளும் செம்மையுறுகிறது.

உரிமை வேறு, உழைப்பு வேறு

இவ்வளவும் கேட்டு, திறந்த மூலத்தில் எந்தப் பொறியும் என்றென்றும் வாழும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. லினக்ஸ் பிறந்ததே இன்டெல் 386 செயலியுள்ள ஒரு பொறியில்தான். ஆயினும் 2013இல் வெளியான லினக்ஸ் 3.8 பதிப்பிலிருந்து 386க்கான ஆதரவு நீக்கப்பட்டது. இன்டெல் 2001இல் அறிமுகப்படுத்திய ஐட்டானியம் வகை, 2024 ஜனவரியில் வெளியான 6.7 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32-பிட் இன்டெல் பொறிகளில் நேரடியாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. காரணம் எளியது. ஒரு வகைப் பொறிக்கான நிரலைப் பேணுவதற்கு அப்பொறியை வைத்திருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் சோதித்துப் பார்ப்பவர் தேவை. அத்தகையோர் குறைந்துவிட்டால், மூல நிரல் திறந்திருந்தும் பயனில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025இல் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏறத்தாழ 2013க்குப் பிந்திய இன்டெல் செயலிகளில் உள்ள கட்டளைகளை எதிர்பார்க்கிறது. அதற்கு முந்திய சர்வர்களில் அது இயங்காது. ஆனால் அதனோடு பொருந்துமாறு உருவாக்கப்படும் அல்மாலினக்ஸ், தன் 10ஆம் பதிப்பில் பழைய செயலிகளுக்கெனத் தனித் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டது. ஒருவர் விலகினாலும் மற்றொருவர் தொடரலாம் என்னும் கொள்கை செயல்வடிவம் பெற்றதற்கு இது சான்றாகும். திறந்த மூலம் பராமரிப்புக்கு உறுதிமொழி அளிப்பதில்லை. பராமரிப்பதற்குத் தடையில்லை என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது.

பொறியை மதிப்பிடும் முறை

அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள பழைய கணிப்பொறியை மதிப்பிடுகையில் முதலில் நோக்க வேண்டியது செயலி 64-பிட் வகையா என்பதாகும். ஆம் எனில், நடப்பிலுள்ள பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் அதில் இயங்கும். இரண்டாவது, நினைவகம். டெபியன் 12இன் நிறுவல் கையேடு, வரைகலைத் திரையின்றி இயக்க 512 மெகாபைட்டும், திரையுடன் இயக்க 2 கிகாபைட்டும் பரிந்துரைக்கிறது. ஆனால் உண்மையில் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவது இயங்குதளமன்று, இணைய உலாவியே ஆகும். ஆகவே இணையப் பணிக்கு 4 கிகாபைட்டாவது இருத்தல் நலம். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய திரையமைப்புகளைத் தேர்ந்தால் எஞ்சிய நினைவகம் வேலைக்குக் கிடைக்கும். வெறும் எழுத்துத் திரை தமிழ் எழுத்துகளைச் சரிவரக் காட்டாது என்பதால், தமிழில் பணிபுரிய வேண்டிய இடங்களில் வரைகலைத் திரை இன்றியமையாதது.

மூன்றாவது, வட்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் மின்னணு வட்டைப் பொருத்துவது, பழைய பொறிக்குச் செய்யும் செலவுகளிலேயே அதிகப் பயன் தருவதாகும். நான்காவது, மின்கலமும் மின்வழங்கியும். சாதாரணக் கணிப்பொறியில் நேரத்தைக் காக்கும் நாணய வடிவ மின்கலத்தை எளிதில் மாற்றலாம். சன் நிறுவனத்தின் பழைய ஒர்க் ஸ்டேஷன்களிலோ அம்மின்கலம் ஒரு சில்லினுள்ளேயே புதைக்கப்பட்டிருந்தது. அது தீர்ந்தவுடன் பொறி தன் வலைப்பின்னல் முகவரியையே மறந்துவிடும். சில்லை மாற்றி, முகவரியை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். விசைப்பலகை இணைக்கப்படாவிடில் இப்பொறிகள் சீரியல் இணைப்பின் வழியே பேசத் தொடங்கும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் நல்ல பொறியையும் பழுதென்று தள்ளிவிட நேரும்.

சர்வர்களில் ஐந்தாவதாக ஒன்றையும் கவனித்தல் வேண்டும். பல வட்டுகளை இணைத்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு அட்டை பழுதானால், அதே வகை அட்டை கிடைக்காத நிலையில் வட்டுகளிலுள்ள தகவல்களைப் படிப்பது அரிதாகிவிடும். லினக்ஸ் கருநிரலே செய்யும் மென்பொருள் ரெய்டு முறையில் அமைத்த வட்டுகளை வேறொரு லினக்ஸ் பொறியில் இணைத்துப் படிக்கலாம். பழைய சர்வருக்கு இம்முறையே பாதுகாப்பானது.

மின்சாரக் கணக்கு

பழைய பொறியைக் காப்பது எப்போதும் சிக்கனமா என்பதற்குக் கணக்கே விடை கூறும். மேசைக் கணிப்பொறி ஒன்று 60 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்வதாகவும், நாளுக்கு 6 மணி வீதம் ஆண்டில் 250 நாள்கள் இயங்குவதாகவும் கொள்வோம். ஆண்டுக்கு ஆகும் மின்சாரம் 90 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனில் செலவு 720 ரூபாய். 25 வாட் மட்டுமே எடுக்கும் புதிய பொறியை வாங்கினால் செலவு 300 ரூபாயாகக் குறையும். மிச்சம் 420 ரூபாய். இந்த மிச்சத்துக்காகப் புதிய பொறியை வாங்குவது எவ்வகையிலும் பொருந்தாது. புதிய பொறியை உற்பத்தி செய்வதற்கே பெருமளவு ஆற்றலும் கனிமங்களும் செலவாகின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இனி, ஒரு பழைய சர்வரை எடுத்துக்கொள்வோம். அது 250 வாட் எடுத்துக்கொண்டு ஆண்டு முழுதும் இடையறாது இயங்கினால் 2,190 யூனிட் செலவாகும். மின்கட்டணம் 17,520 ரூபாய். அதே பணியை 40 வாட் எடுக்கும் சிறிய புதிய கணிப்பொறி செய்துவிடுமெனில், ஆகும் மின்சாரம் ஏறத்தாழ 350 யூனிட், கட்டணம் 2,800 ரூபாய். ஆண்டுதோறும் 14,700 ரூபாய் மிச்சமாகும். குளிர்சாதனத்துக்கான மின்சாரம் இதில் சேர்க்கப்படவில்லை. சில ஆண்டுகளில் புதிய பொறியின் விலை திரும்பக் கிடைத்துவிடும். இங்குப் பழையதைக் கட்டிக்காப்பது சிக்கனமன்று. இவ்வெண்கள் எடுத்துக்காட்டே. ஒவ்வோர் அலுவலகமும் மின்அளவியைக் கொண்டு தன் பொறிகளை அளந்து, தன் கட்டண வீதத்தில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆயினும் பொது விதி ஒன்று தெளிவாகிறது. சில மணி நேரமே இயங்கும் மேசைக் கணிப்பொறியைக் காப்பது நன்று. இரவும் பகலும் இயங்கும் பழைய சர்வரை ஐயத்துடன் நோக்குவது நன்று.

பாதுகாப்பு

குடிமக்களின் ஆவணங்களைக் கையாளும் அலுவலகங்களில் பாதுகாப்பே முதன்மையானது. திறந்த மூல இயங்குதளத்தை நிறுவிவிட்டு, ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் விடுவது, ஆதரவு நின்ற மூடிய மூல இயங்குதளத்தை வைத்திருப்பதற்குச் சமமேயாகும். எனவே, நிறுவும் பதிப்புக்கு எந்த ஆண்டுவரை திருத்தங்கள் கிடைக்கும் என்பதை முன்னரே குறித்துவைத்தல் வேண்டும்.

மென்பொருளால் முழுதும் தீர்க்கவியலாத குறைகளும் உண்டு. செயலிகளின் அமைப்பிலேயே இருந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகள் 2018 ஜனவரியில் வெளியாயின. அவ்வாண்டு ஏப்ரலில், தன் பழைய செயலிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மைக்ரோகோட் திருத்தம் வழங்கப்போவதில்லை என்று இன்டெல் தெரிவித்தது. லினக்ஸ் கருநிரல் தன்னளவில் செய்த தடுப்புகள் ஓரளவே ஈடுசெய்யும். அவ்வாறே, பழைய சர்வர்களில் தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கென அமைந்த தனிச் சில்லுக்குப் புதிய திருத்தங்கள் வருவதில்லை. அதனை முடக்கி வைப்பதோ, தனி வலைப்பின்னலில் பிரித்து வைப்பதோ இன்றியமையாதது.

கொள்கையும் அனுபவமும்

இத்துறையில் நம் நாடு வெறுங்கையுடன் நிற்கவில்லை. சென்னையை மையமாகக் கொண்டு 2005இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மற்றும் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் வழியாக, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் பாரத் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதி அதன் சிறப்பாகும். 2015இல் மைய அரசு வகுத்த திறந்த மூல மென்பொருள் கொள்கை, மின்னாளுகைத் திட்டங்களுக்கு விலைப்புள்ளி கோரும்போது திறந்த மூல மென்பொருளையும் கருத்தில் கொள்ளுமாறு வழங்குநரிடம் கேட்க வேண்டும் என்றும், அதனை விலக்கினால் அதற்கான காரணத்தை அவர்கள் கூற வேண்டும் என்றும் பணித்தது.

கேரளத்தின் பள்ளிகள் இத்துறையில் ஒரு முன்மாதிரி. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், நாளடைவில் மாநிலப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அது கைட் என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கெனப் பொதுவான ஓர் இயங்குதளத்தை உருவாக்கியதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் அதன் வெற்றிக்கு அடிப்படை. உரிமக் கட்டணம் இல்லாமை மட்டுமே வெற்றிக்குப் போதாது என்பதை இவ்வனுபவம் காட்டுகிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கருவிகளைச் சீர்செய்து மீண்டும் பயனுக்குக் கொணர்வோரைத் தனிப் பிரிவினராக ஏற்று, அவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என விதிக்கின்றன. 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் அமைப்பு பெரும் நுகர்வோராகக் கருதப்படும். அது தன் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், சீர்செய்வோர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

செயல்முறை

பழைய கணிப்பொறிகளை மறுபயனுக்குக் கொணர விரும்பும் நிறுவனம் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு பொறியின் செயலி, நினைவகம், வட்டு, மின்செலவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல்.

2. எதனையும் அழிக்காமல், யூ.எஸ்.பி. வட்டிலிருந்தே லினக்ஸை இயக்கி, திரை, வலைப்பின்னல், அச்சுப்பொறி ஆகியன செயல்படுகின்றனவா என்று பார்த்தல்.

3. பொறிகளை மூன்றாகப் பிரித்தல். 64-பிட் செயலியும் 4 கிகாபைட் நினைவகமும் உடையவை அன்றாட அலுவலுக்கு உரியவை. 64-பிட் எனினும் நினைவகம் குறைந்தவை, வலிய சர்வர் ஒன்றிலிருந்து வலைப்பின்னல் வழியே இயங்கும் முனையங்களாகவோ, பயிற்சிக்காகவோ உதவும். இம்முனைய முறைக்கென 1999இல் தோன்றிய எல்.டி.எஸ்.பி. என்னும் திறந்த மூலத் திட்டம் உண்டு. 32-பிட் பொறிகளையும் அரிய வகை ஒர்க் ஸ்டேஷன்களையும் ஆய்வகத்தில் மாணவர் பயில்வதற்கு வைத்துக்கொள்ளலாம்; பொதுமக்கள் தகவல்களை அவற்றில் வைத்தல் கூடாது.

4. அலுவலகத்தின் படிவங்களும் கோப்புகளும் புதிய மென்பொருளில் மாற்றமின்றித் திறக்கின்றனவா என்பதை முதலில் ஒரு பிரிவில் மட்டும் சோதித்து, பின்னர் விரிவாக்குதல்.

5. எல்லாப் பொறிகளிலும் ஒரே இயங்குதளத்தின் ஒரே பதிப்பை நிறுவி, அதனைப் பேணும் பொறுப்பை இருவருக்கேனும் பயிற்சியளித்து ஒப்படைத்தல். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் பணி தடைப்படாது.

6. கழிக்கப்படும் பொறிகளின் வட்டுகளிலுள்ள தகவல்களை முற்றிலும் அழித்து, பயன்படும் உறுப்புகளை மாற்று உறுப்புகளாகச் சேமித்து, எஞ்சியதை விதிப்படி ஒப்படைத்தல்.

இவற்றுள் ஐந்தாவதே பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவது. வட்டில் இயங்குதளத்தை நிறுவும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அதனைப் பேணும் வேலை பொறியின் ஆயுள் முழுதும் நீடிப்பது. பராமரிப்போர் இன்றி ஐட்டானியம் மறைந்ததைப் போலவே, பராமரிப்போர் இல்லாத அலுவலகத்தில் நல்ல கணிப்பொறியும் மூலையில் ஒதுங்கும்.

ஆகவே, பழைய கணிப்பொறிக்குக் கழிவுச் சான்று வழங்குமுன் மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். இதற்குத் திருத்தங்கள் வரும் இயங்குதளம் உண்டா? இதன் மின்செலவு பணிக்கு ஈடாகுமா? இதனைப் பேணத் தெரிந்தவர் நம்மிடம் உள்ளனரா? மூன்றுக்கும் விடை 'ஆம்' எனில், அப்பொறியைக் கழிப்பது பொதுப் பணத்தை வீணாக்குவதாகும். முதலிரண்டுக்கும் 'ஆம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வருமானால், நிறுவனம் புதிதாக வாங்க வேண்டியது கணிப்பொறியன்று. அளிக்க வேண்டியது பயிற்சியே.